மொட்டுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் போடாதீங்க!

இன்க்ரிமென்ட் சாங்ஷன் ஆகிவிட்டது என்று ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்த பிறகு, மாதக் கடைசியில் பார்த்தால் பழைய சம்பளமே வந்து நிற்கிறது. எப்படி இருக்கும்? ஆர்க்கிட் வளர்க்கிறவனுக்கு மொட்டு உதிர்வது அப்படித்தான்!

பூக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற செடியைக்கூட மன்னித்துவிடலாம். இது அப்படி இல்லை. காம்பு நீட்டும். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மொட்டு காட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பெருமை பேச வைக்கும். அப்புறம் ஒரே வாரத்தில் மொட்டெல்லாம் மஞ்சளாகி, ஒவ்வொன்றாகக் கீழே விழும். அடுத்த சான்ஸ்? அடுத்த வருஷம்தான் சார்!

நான் சொல்வது சிம்பிடியம் என்கிற குளிர்தேச ஆர்க்கிட். மெழுகில் செய்த மாதிரி பூ. ஒரு தடவை மலர்ந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை வாடாது. பெரிய பூ விடுகிற ரகங்களின் மூதாதைகள் இமயமலைச் சரிவிலிருந்து மியான்மர், வியட்நாம் மலைகள் வரை காட்டில் வளர்ந்தவை. அதனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீட்டுத் திண்ணைகளில் ஜம்மென்று வரும். குன்னூரில் என் திண்ணையிலும் சில தொட்டிகள் உண்டு. அதனால் தெருவில் யார் வீட்டு மொட்டு உதிர்ந்தாலும் துக்கம் சொல்ல முதலில் வருவது என்னிடம்தான்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்தே வேண்டாம். பெரும்பாலும் இது வியாதி அல்ல; ஆட்குறைப்பு! கம்பெனிக்குக் கஷ்டம் வந்தால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? கடைசியாகச் சேர்ந்தவரைத்தானே? செடியும் அப்படியே. சூடு, வறட்சி, புகை என்று எந்தச் சங்கடம் வந்தாலும் எத்திலீன் என்கிற வாயுவைத் தானே தயாரிக்கிறது. மொட்டுக்காம்பில் ஓர் இடத்தில் ஒட்டு தளர்கிறது. மொட்டு அவுட். செடி மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

இந்த எத்திலீன் நமக்குப் புதிதல்ல. வாழைத்தாரை மூடி வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையில் வேலை செய்வது இதுதான். 1901-ல் நெல்யூபோவ் என்ற ரஷ்யர், பட்டாணி நாற்றுகள் கோணல் மாணலாக வளர்வதற்கு விளக்கு எரிக்கிற காஸில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு, மொட்டுக்கு எமன்!

இனி போஸ்ட் மாஸ்டர் கதை.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருவர். அவர் மனைவி ஆசையாக வளர்த்த சிம்பிடியம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அந்த அம்மா காலமான பிறகு இவர்தான் தண்ணீர் விடுகிறார். இரண்டு வருஷமாக மொட்டு வருகிறது, உதிர்கிறது.

"தம்பி, அவ கை பட்டாத்தான் பூக்கும் போல. எனக்கு ராசியில்லீங்க. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"எங்கே வச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டேன்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ராசியும் இல்லை, தோஷமும் இல்லை. மார்கழிப் பனியில் செடி கருகிவிடுமே என்ற கரிசனத்தில், மொட்டு வந்ததும் தொட்டியைத் திண்ணையிலிருந்து ஹாலுக்குத் தூக்கி வந்திருக்கிறார். ஹாலில் ஜன்னல் சாத்தியிருக்கும். குளிருக்குக் கரியடுப்பு கனன்றுகொண்டிருக்கும். (மூடிய அறையில் கரியடுப்பு மனிதர் உயிருக்கே ஆபத்து. அதை முதலில் வெளியே வைக்கச் சொன்னேன்.) தொட்டிக்கு நேர் மேலே கொக்கியில் பொங்கலுக்கு மகள் கொடுத்துவிட்ட வாழைத்தார்! சூடு, வறட்சி, இருட்டு, புகை, பழுக்கிற பழம். ஒரே மொட்டு மேல் ஐந்து கேஸ்!

அன்றைக்கு அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மொட்டு வந்த செடிக்கு டிரான்ஸ்பர் போடாதீர்கள். எங்கே மொட்டு விட்டதோ அங்கேயே மலரட்டும். தொட்டியைத் திருப்பவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்து வளர்கிற காம்பு திருகிக்கொள்ளும். தொட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் எப்போதும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

ராத்திரி குளிரட்டும். மொட்டுக்காம்பு புறப்படவே ராத்திரியில் 10-லிருந்து 14 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். மொட்டு பருக்கும்போதும் ராத்திரி 15-க்குக் கீழேயும், பகல் 24-ஐத் தாண்டாமலும் இருந்தால் நல்லது. ராத்திரி வெக்கையாக இருந்தால், பகலெல்லாம் சேர்த்த சர்க்கரையைச் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும். சம்பளம் வந்த அன்றே பர்ஸ் காலி ஆகிற கதைதான். ஆனால் ஊட்டி உறைபனி நேராக மொட்டில் படக்கூடாது. கூரைக்கடியில் வைத்து, ராத்திரி மட்டும் படாமல் ஒரு துணித்திரை கட்டினால் போதும்.

புகைக்கும் பழத்துக்கும் தடா! வாழைப்பழம், ஆப்பிள் கூடை, போகிப் புகை எல்லாம் தூரத்தில். சிகரெட் புகையிலும் எத்திலீன் உண்டு, நண்பரே! ஸ்கூட்டர் புகையிலும் உண்டு. மலைக்குளிரில் காலையில் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஐந்து நிமிஷம் முறுக்கிக்கொண்டு நிற்போம். பின்னால் தொட்டி இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

தண்ணீரில் சீராக இருங்கள். ஒரு வாரம் காயவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து குளிப்பாட்டுகிற வேலை ஆகாது. தொட்டியில் இருக்கும் மரப்பட்டை, கரித்துண்டு, செங்கல் சில்லு எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும், சொதசொதப்பு கூடாது. காலையில் ஊற்றுங்கள், மொட்டில் படாமல். ராத்திரி முழுக்க நனைந்த மொட்டில் பூஞ்சணம் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வந்தால், பக்கெட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வெளிச்சம் முக்கியம். இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். லேசாக மஞ்சள் கலந்த பச்சைதான் சரியான கலர்.

போலீஸ் வேலையும் கொஞ்சம் உண்டு. விழுந்த மொட்டைத் தூக்கிப் போடாமல் உற்றுப் பாருங்கள். எல்லா மொட்டும் சில நாளில் ஒன்றாக மஞ்சளானால், பெரும்பாலும் சூடு அல்லது புகை. நுனி மொட்டுகள் மட்டும் சுருங்கினால், தண்ணீரோ வெளிச்சமோ பற்றவில்லை. பழுப்புப் புள்ளியும் அழுகலும் இருந்தால் ஈரம். கடித்த ஓட்டை இருந்தால் நத்தை. அதை ராத்திரி டார்ச் அடித்துத்தான் பிடிக்க வேண்டும். காம்பில் எறும்பு ஊர்ந்தால் பயப்படாதீர்கள். சிம்பிடியம் காம்பில் தானாகவே தேன் துளிர்க்கும், அதற்கும் வரும். ஆனால் மொட்டுக்கடியில் அசுவினி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சென்னை, மதுரை, திருச்சி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கு டூர் வந்த ஜோரில் மொட்டோடு இருக்கிற சிம்பிடியத்தை வாங்கி பஸ்ஸில் ஏற்றாதீர்கள். மலை இறங்கியதும் பாதி மொட்டு போய்விடும். மிச்சம் பூத்தாலும், உங்கள் ஊர் ராத்திரி வெக்கையில் மறுவருஷம் காம்பே வராது. உங்களுக்கு வெப்பம் தாங்கும் டென்ட்ரோபியம், வாண்டா இருக்கின்றன. மொட்டு வந்தபின் இடம் மாற்றாதே, பழக்கூடை பக்கம் வைக்காதே என்ற சட்டம் அவற்றுக்கும் பொருந்தும்.

சரி, போஸ்ட் மாஸ்டர் என்ன ஆனார்?

அந்த ஐப்பசியில் மறுபடி காம்பு தலை காட்டியது. இந்த முறை தொட்டி திண்ணையை விட்டு அசையவில்லை. வாழைத்தார் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனது. ராத்திரிக்குப் பழைய வேட்டி திரையானது. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "தம்பி, பன்னெண்டும் இருக்குது" என்று அட்டெண்டன்ஸ் எடுத்தார்.

பிப்ரவரியில் பதினொன்று மலர்ந்தன. ஒன்று நத்தைக்கு.

மனைவியின் படத்துக்கு முன்னால் அந்தப் பூக்களை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. காம்பை வெட்ட மனசில்லை. தொட்டியைத் தூக்கவும் பயம், நான் போட்ட சட்டம் அப்படி.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது பார்த்தேன். செடி இருந்த இடத்திலேயே இருந்தது. ஹாலில் மாட்டியிருந்த படம்தான் திண்ணைக்கு வந்திருந்தது.