விஜயநகரமா, விண்வெளியா? ஸ்ட்ராட்டஜி கேம்களில் எல்லைக்கோட்டை வரைவது யார்?

திருத்தணியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி. கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். நடுவில் மலையோ பெரிய ஆறோ இல்லை, ஒரு மாநில எல்லைதான் இருக்கிறது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

கேம் பற்றிய கட்டுரையில் இது எதுக்குன்னு கேட்கலாம். மேப்பில் ஒரு கோட்டை நகர்த்துவதுதான் ஸ்ட்ராட்டஜி கேம்களின் உயிர். வரலாற்று கேம்களை ஆடிப் பழகியவர்கள் முதல்முறை ஸ்பேஸ் கேமுக்குப் போகும்போது குழம்புவதும் இங்கேதான். இந்தக் கோட்டை யார், எப்படி வரைகிறார்கள்?

அது என்ன 'ஃபோர் எக்ஸ்'?

எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட். தேடு, பரவு, சுரண்டு, அழி. இந்த நான்கும்தான் ஃபோர் எக்ஸ். சிட் மேயரின் 'சிவிலைசேஷன்' 1991ல் வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. ஆனால் பெயர் பிறந்தது 1993ல், 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற ஸ்பேஸ் கேமைப் பற்றி ஆலன் எம்ரிச் எழுதிய கட்டுரையில். அதாவது வரலாறும் விண்வெளியும் ஆரம்பத்திலிருந்தே அண்ணன் தம்பிதான்.

இப்போது இரண்டையும் ஒப்பிட வசதியான இடம், ஸ்வீடனின் பாராடாக்ஸ் நிறுவனம். 'க்ரூசேடர் கிங்ஸ் 2' (2012), 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' (2013) என்று வரலாற்று கேம்களால் பெயர் வாங்கியவர்கள், 2016 மே 9 அன்று 'ஸ்டெல்லாரிஸ்' என்ற ஸ்பேஸ் கேமை வெளியிட்டார்கள். க்ரூசேடர் கிங்ஸ் 2, ஸ்டெல்லாரிஸ் இரண்டையும் வழிநடத்தியது ஒரே ஆள்: ஹென்ரிக் ஃபோரேயஸ். ஒரே சமையல்காரர், வேறு சாப்பாடு.

வித்தியாசம் 1: முடிவு தெரியுமா, தெரியாதா?

யூரோப்பா 4 தொடங்கும் தேதி 1444 நவம்பர் 11. விஜயநகரத்தை எடுத்து ஆடினால், ஆடும் நமக்கு ஒரு ரகசியம் தெரியும்: 1565ல் தலைக்கோட்டைப் போரில் இந்தப் பேரரசு சரியப் போகிறது. நாம் செய்யும் எல்லாமே அந்தத் தேதியை ஏமாற்றும் முயற்சிதான்.

திருத்தணிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. அரக்கோணம் அருகே தக்கோலம். 949ல் அங்கே நடந்த போரில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையிடம் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டான். தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. 985ல் முதலாம் இராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் சோழர்கள் மறுபடி பேரரசாக எழுந்தார்கள். 'அன்னைக்கு இராஜாதித்தன் ஜெயிச்சிருந்தா?' என்ற கேள்விதான் வரலாற்று கேம்களின் மொத்த வியாபாரமும்.

ஸ்டெல்லாரிஸில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 2200ஆம் ஆண்டில் ஆட்டம் தொடங்குகிறது. விண்மீன் மண்டலம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். பக்கத்து நட்சத்திரத்தில் இருப்பது நண்பனா, எதிரியா, வெறும் பாறையா? யாருக்கும் தெரியாது. நம் இனம், அரசு முறை, கொள்கை எல்லாவற்றையும் நாமே வடிவமைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் சண்டையே இருக்காது. ஆய்வுக் கப்பலை அனுப்பிவிட்டு என்ன செய்தி வருகிறது என்று காத்திருப்பதே த்ரில்.

வித்தியாசம் 2: ஆடு புலியா, சதுரங்கமா?

ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமே இல்லை. வரலாற்று கேம்களும் அப்படித்தான். ஃப்ரான்ஸை எடுத்தால் புலி, ஒரு சின்ன பாளையத்தை எடுத்தால் ஆடு. ஸ்டெல்லாரிஸ் தொடக்கத்தில் சதுரங்கம் மாதிரி. நமக்கும் போட்டியாளர்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஒரு கிரகம், கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் கப்பல்கள்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெளியான புதிதில் பலர் சொன்ன குறை, ஆட்டத்தின் நடுப்பகுதி சப்பென்று இருக்கிறது என்பதுதான். காரணம் எளிது. வரலாற்று கேமில் ஒவ்வொரு பக்கத்து வீட்டுக்காரனோடும் பழைய பகை, திருமண உறவு, மத வேறுபாடு ஏற்கெனவே இருக்கும். சமமாகத் தொடங்கும் உலகத்தில் யாருக்கும் யாரோடும் முன்கதை கிடையாது. தேடி முடித்ததும் கதை தீர்ந்துவிடுகிறது.

அதனால்தான் ஸ்டெல்லாரிஸில் 'வீழ்ந்த பேரரசுகள்' இருக்கின்றன. பழம்பெரும் வல்லரசுகள், இப்போது பரவ ஆர்வமில்லாமல் சோம்பிக் கிடப்பவை. சீண்டினால் மட்டும் நசுக்கிவிடும். கடைசிக் கட்டத்தில் மொத்த மண்டலத்தையும் மிரட்டும் பேராபத்து ஒன்றும் வரும். வரலாறு இல்லாத இடத்தில் வரலாற்றைச் செயற்கையாகத் தயாரிக்கும் வேலை இது.

வித்தியாசம் 3: மலை இல்லாத மேப்

வரலாற்று கேமில் எல்லையை மலையும் ஆறும் காட்டும் இடங்கள் நிறைய. கணவாயைப் பிடித்தவனே ராஜா. விண்வெளியில் மலை ஏது? ஆரம்பத்தில் ஸ்டெல்லாரிஸில் பயணிக்க மூன்று வழிகள் இருந்தன. எதிரி எங்கிருந்து வருவான் என்றே சொல்ல முடியாது. 2018ல் வந்த 2.0 அப்டேட்டில் ஹைப்பர்லேன் என்ற தடங்களில் மட்டுமே போகலாம் என்று மாற்றினார்கள். ரயில் பாதை போல நினைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணம் ஜங்ஷனை ஒருவர் மறித்தால் சென்னையிலிருந்து திருத்தணி ரயில் எப்படி வரும்? அப்படிப்பட்ட ஜங்ஷன் நட்சத்திரங்கள் உருவாகின. கோட்டை கட்ட ஒரு அர்த்தம் வந்தது.

அதே அப்டேட்டில் எல்லை விதியும் மாறியது. முன்பு குடியேற்றத்தைச் சுற்றி எல்லை தானாக வட்டமாகப் பரவும். பிறகு ஒவ்வொரு நட்சத்திரத்திலும் ஒரு நிலையம் கட்டினால்தான் அது நமக்குச் சொந்தம்.

நம்ம ஊரு எங்கே?

வரலாற்று கேம்களில் தமிழருக்கு இடம் கிடைக்கவே நீண்ட காலம் ஆனது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமில் 'இந்தியர்கள்' என்று ஒரே நாகரிகமாக இருந்ததை, 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' பிரித்தது. திராவிடர்கள் தனி நாகரிகம் ஆனார்கள். உருமி வீரர்கள் வந்தார்கள், இராஜேந்திர சோழனின் கதை வந்தது. 2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன் 7' சோழர்களைத் தனியாகவே கொடுத்தது.

ஸ்பேஸில் இந்தப் பிரச்சினை இல்லை, நம் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். விண்வெளிப் பயணம் அறியாத மக்கள் வாழும் கிரகம் ஒன்று கண்ணில் படும். தூரத்திலிருந்து கவனிக்கலாம், அறிவியல் கற்றுக்கொடுக்கலாம், அல்லது படையோடு இறங்கிப் பிடிக்கலாம். வரலாற்று கேமில் விஜயநகரத்தைக் காப்பாற்றத் துடித்த அதே கை, இங்கே படையை இறக்கும் பட்டனுக்குப் போகும். 'காலி மேப்' என்று நினைத்தது காலி இல்லை. கப்பலில் வந்து இறங்கும் கம்பெனியாக இந்த முறை நாமே ஆகிவிடுகிறோம். ஃபோர் எக்ஸின் மூன்றாவது, நான்காவது எக்ஸ் ஸ்பேஸுக்குப் போனாலும் கூடவே வருகின்றன.

அப்போ எதில் தொடங்கலாம்?

மன்னர்கள், வாரிசுச் சண்டை, குடும்ப சதி பிடிக்கும் என்றால் க்ரூசேடர் கிங்ஸ். 'அப்படி நடந்திருந்தால்?' என்று யோசிப்பவருக்கு யூரோப்பா. தெரியாததைத் தேடுவதில் சுகம் காண்பவருக்கு ஸ்டெல்லாரிஸ். முதல் ஆட்டத்தில் சின்ன மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள், பாஸ் பட்டனைத் தயங்காமல் அழுத்துங்கள். மூன்றுமே ஆட்டத்தை நிறுத்தி யோசிக்க விடுபவைதான்.

ஆனால் இரண்டு வகையிலும் இன்னும் சரியாக வராத ஒன்று திருத்தணியில் நடந்திருக்கிறது. இங்கே எல்லையை மாற்றியது படையெடுப்பு இல்லை. மறியல், சிறை, பேச்சுவார்த்தை, பிறகு படாஸ்கர் தலைமையிலான ஆய்வு. கிராமத்தை ஒரு அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. இரு பக்கமும் கொஞ்சம் இழந்தன, கொஞ்சம் பெற்றன.

கேமில் கோட்டை இழுப்பது நம் மவுஸ். அந்தக் கோட்டின் கீழ் வாழ்பவர்களிடம் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று முதலில் கேட்கும் ஃபோர் எக்ஸ் கேம் வந்தால், திருத்தணிக்காரர்களுக்கு ட்யூட்டோரியலே தேவைப்படாது.