கொதிக்கும் ஏரிக்கு நடந்து போகலாம்

டொமினிக்கா தீவின் லோடா என்ற மலைக்கிராமத்திலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினால், நண்பகலுக்குள் ஒரு கொதிக்கும் ஏரியின் விளிம்பில் போய் நிற்கலாம். ஏரிக்கு இதுவரை சாலை கிடையாது. போய்வர ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பெயரைப் பார்த்து டொமினிக்கன் குடியரசு என்று நினைத்துவிட வேண்டாம். இது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே இருக்கும், சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தனி நாடு. வெள்ளை மணல் கடற்கரைகள் இங்கே குறைவு. இருப்பதெல்லாம் மலை, மழை, காடு, அவற்றுக்கு அடியில் நெருப்பு.

அந்த நெருப்புக்குக் காரணம் கடலடியில் இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் தரைத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் கரீபியத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. ஆழத்தில் சூடேறும் அந்தத் தட்டு, தன்னோடு கொண்டுபோன நீரை வெளியே விடுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அந்தக் குழம்பு மேலே வந்து எழுப்பியதுதான் இந்தத் தீவு வரிசை. டொமினிக்காவில் மட்டும் மீண்டும் சீறக்கூடிய எரிமலை மையங்கள் ஒன்பது இருக்கின்றன.

நடையின் முதல் பகுதி முழுக்க மழைக்காடு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து, உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழையாகக் கொட்டுகிறது. வழியில் கொம்மியே என்று தீவினர் சொல்லும் பெருமரங்கள் நிற்கும். பட்டை கீறப்பட்ட இடத்தில் வெண்பிசின் கசிந்து கட்டியாகியிருக்கும். அதைத் தணலில் போட்டால் வாசனைப் புகை எழும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்குங்கிலிய மரமும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தீவின் பழங்குடிகளான கலினாகோ மக்கள் கொம்மியே மரத்தைக் குடைந்துதான் கடலோடும் படகுகளைச் செய்தார்கள். காட்டுக்குள் சீழ்க்கை ஒலி நீளமாகக் கேட்டால் அது மலைச்சீழ்க்கைக்காரன் என்று அழைக்கப்படும் சிறு பறவை. கண்ணில் படுவது அரிது. டொமினிக்காவில் நஞ்சுள்ள பாம்பு இல்லை என்பது நடப்பவர்களுக்கு நிம்மதியான செய்தி.

பிரேக்ஃபாஸ்ட் ஆற்றைக் கடந்ததும் ஏற்றம் செங்குத்தாகிறது. சேற்றில் மரக்கட்டைகளைப் பதித்துச் செய்த படிகளில் ஏறி, சுமார் 960 மீட்டர் உயரமுள்ள மோர்ன் நிக்கோல்ஸ் முகட்டை அடைய வேண்டும். ஏற ஏற மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். கீழே அண்ணாந்து பார்க்க வைத்த காடு, முகட்டில் ஓயாத காற்றாலும் மேகத்தாலும் ஆள் உயரத்துக்குச் சுருங்கி, பாசி போர்த்தி நிற்கிறது.

அங்கிருந்து இறங்கினால் பாழ்ப் பள்ளத்தாக்கு. என் கணக்கில் இந்த நடையின் உச்சம் ஏரியல்ல, இதுதான். கால்வைக்கும் பாறை சூடாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த வாயு காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறி, கடினமான எரிமலைப் பாறையைக் கையால் பிசையக்கூடிய வெள்ளைக் களிமண்ணாக்கிவிடுகிறது. துளைகளின் வாயில் மஞ்சள் கந்தகப் படிகங்கள் ஊசி ஊசியாக முளைத்திருக்கும். ஓர் ஓடை பால் நிறத்தில் ஓடும், பக்கத்திலேயே இன்னொன்று கறுப்பாக ஓடும். வெண்மை களிமண்ணால் வருவது, கறுப்பு இரும்பு சல்ஃபைடால் வருவது. இந்த மண்ணிலும் சில பாசிகளும் புற்களும் பிழைத்துக் கிடக்கின்றன. வழிகாட்டிகள் இங்குள்ள கொதிநீரில் முட்டை வேகவைத்துக் கொடுப்பதுண்டு. 1880 ஜனவரியில் இதே இடத்தில் நீராவி வெடிப்பு நிகழ்ந்து, தலைநகர் ரோசோ வரை சாம்பல் விழுந்தது.

ஏரி இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது. அறுபது மீட்டருக்குக் குறையாத அகலம், சாம்பல் கலந்த நீலம், மேலே எப்போதும் ஆவி. 1875-இல் மருத்துவர் ஹென்றி நிக்கோல்ஸும் தாவரவியலாளர் ஹென்றி பிரெஸ்டோவும் அளந்தபோது கரையோர நீரின் வெப்பம் 82 முதல் 91.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. நடுப்பகுதி தளதளவென்று கொதிப்பதால் யாரும் நெருங்கி அளக்க முடியவில்லை.

இந்த ஏரியின் நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிட மேலே நிற்கிறது. கீழிருந்து ஓயாமல் ஏறும் ஆவியும் வாயுவும்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அடுப்பை அணைத்ததும் பொங்கிய பால் கீழே இறங்குகிறதல்லவா, அதைப்போல வாயு வரத்து தடைபட்டால் ஏரியும் இறங்கிவிடும். ஆனால் பாலைப் பாத்திரம் தாங்கும். இங்கே நீர் நுண்துளைப் பாறை வழியே வடிந்தே போய்விடும். 2004 நவம்பர் 21-இல் அருகிலுள்ள குவாதலூப் கடற்பகுதியை 6.3 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த மாதமே ஏரி வற்றத் தொடங்கியது. சில மாதங்களில் மறுபடி நிரம்பிக் கொதித்தது. வற்றிய ஏரி ஆபத்தானது. குழியில் மூச்சடைக்கும் வாயு தேங்கலாம், மேலே அழுத்திய நீரின் எடை நீங்கியதால் நீராவி வெடிப்பும் நேரலாம்.

2017 செப்டம்பரில் மரியா புயல் ஐந்தாம் வகை வேகத்தில் தீவின் மீது ஏறியபோது காடு இலையற்று மொட்டையாக நின்றது. அடுத்த ஆண்டுகளில் அது துளிர்த்தெழுந்த விதம், மழையும் எரிமலை மண்ணும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்குச் சான்று.

ஏரிப் பகுதிக்குக் கேபிள் கார் அமைக்கும் திட்டத்தை டொமினிக்கா அரசு கையில் எடுத்திருக்கிறது. முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கால் திடமாக இருப்பவர்கள் நடந்தே போக வேண்டும் என்பேன். காடு குட்டையாவதும், தரை சூடாவதும், ஓடை நிறம் மாறுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடியில் வருவது நடப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். பிப்ரவரி முதல் மே வரை மழை சற்றுக் குறைவு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். பழக்கமான உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பாழ்ப் பள்ளத்தாக்கில் அவர் கால் வைத்த இடத்திலேயே நீங்களும் கால் வையுங்கள். மேலோடு சில இடங்களில் மிக மெல்லியது, அதன் கீழே இருப்பது கொதிநீர்.