மாவும் தீயும் – 14: முதலில் பொங்குவது யார்?

புளிமாவு ரொட்டியை எழவைக்கும் ஸ்டார்ட்டருக்காக, கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து கண்ணாடி பாட்டிலில் வைக்கச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் அடுக்கு கேக் என்றும் சொல்லியிருந்தேன். கேக் காத்திருக்கட்டும். பாட்டிலுக்குள் நடப்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

வைத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அறந்தாங்கி வெயிலுக்கு மறுநாளே மாவு பொங்கி மூடியைத் தொட்டிருக்கும். அடுத்த நாள் அடங்கியிருக்கும். அதற்கும் அடுத்த நாள் ஒரு குமிழிகூட இல்லாமல், மேலே தண்ணீர் தெளிந்து, வாடையும் பிடிக்காமல் போயிருக்கும். ‘செத்துப்போச்சு’ என்று பலரும் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாதீர்கள். பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் போட்டுக் கலக்குங்கள். தினமும் அதையே செய்யுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி எழும். அதுதான் உண்மையான எழுச்சி.

முதலில் பொங்கியது ஈஸ்ட் அல்ல, பாக்டீரியா. பெரும்பாலும் லூக்கோனாஸ்டாக்கும் அதன் கூட்டாளிகளும். தானியத்தின் மேலும் காய்கறி இலைகளின் மேலும் இயல்பாகவே இருப்பது இது. மாவு நனைந்ததும் முதல் ஆளாகக் கிளம்பி, சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. ஆனால் அது உண்டாக்கிய புளிப்பே ஓர் அளவுக்கு மேல் ஏறினால் அதற்குத் தாங்காது. அது ஓய்ந்த இடத்தில் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் இனங்கள் குடியேறும். அவற்றோடு காட்டு ஈஸ்ட்டும் மெல்லப் பெருகும். நடுவில் பாட்டில் அமைதியாக இருந்ததே, அது இந்தக் கைமாறலுக்கான நேரம்.

இதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்த சங்கதி கிடைத்தது. நம் இட்லியைத் தூக்குவதும் இதே லூக்கோனாஸ்டாக்தான்!

1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் ஆகியோர் அடங்கிய குழு இட்லி மாவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆய்வு நடந்தது அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா வேளாண் ஆய்வு நிலையத்தில். மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையானது லூக்கோனாஸ்டாக் மெசன்டராய்டஸ் என்றும், அதற்கு ஈஸ்ட் அவசியமில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். ராத்திரி கரைத்து வைத்த மாவைக் காலையில், அதாவது அந்த முதல் பொங்கல் உச்சத்தில் இருக்கும்போதே, நாம் ஆவியில் வைத்துவிடுகிறோம். ரொட்டிக்காரர் அதே பொங்கல் அடங்கட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்கிறார். ஒரே ஓட்டத்தை இரண்டு சமையலறைகள் இரண்டு இடத்தில் நிறுத்துகின்றன. எத்தனை தலைமுறைப் பெண்கள் நுண்ணோக்கி இல்லாமலே இந்த நேரத்தைக் கணித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். கோதுமையில் அந்த வேலையை குளூட்டன் செய்கிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் உளுந்து. உளுந்தின் கொழகொழப்பும் அதிலுள்ள ஒருவகைப் புரதமும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-களில் விளக்கினார்கள். உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாவது இதனால்தான்.

லூக்கோனாஸ்டாக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. நம் தாலுகாவிலேயே குரும்பூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெட்டிய கரும்பு வெயிலில் காத்துக் கிடந்தால் சர்க்கரைக் கட்டுமானம் இறங்கிவிடும். வெட்டுவாய் வழியே புகுந்து சர்க்கரையைத் தின்பவர்களில் முக்கியமானவர் இவர். தின்பதோடு விடாமல் டெக்ஸ்ட்ரான் என்ற வழவழப்பான பசையையும் உண்டாக்குவார். ஐரோப்பிய ஆலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் குழாய்களை அடைத்து வேலையை நிறுத்தியது அந்தப் பசை. லூயி பாஸ்டர் அதைக் கவனித்தார். வான் தீகெம் 1878-இல் அந்தக் கிருமிக்குப் பெயர் வைத்தார். பிறகு 1940-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் அதே பசையைச் சுத்திகரித்து, ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் திரவமாக ஆக்கினார்கள். உயிரைக் காத்த ஒரு மருந்துக்கும் நம் இட்லிப் பானைக்கும் மூலவர் ஒருவரே!

ரொட்டிக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்கும் ஒரு தங்கை போன வாரம் கேட்டாள்: “அக்கா, சான் பிரான்சிஸ்கோ ஸ்டார்ட்டர்னு ஆன்லைன்ல விக்கிறாங்க. அந்த ருசி நம்ம மாவுல வராதாமே. வாங்கிரட்டுமா?”

“வேணாம்மா, காசை வெண்ணெய்க்கு வச்சுக்க” என்றேன். ஏன் என்று இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊர் ரொட்டிக்குப் பெயர் வந்தது 1849-இன் தங்க வேட்டைக் காலத்தில். 1971-இல் க்ளைன், சுகிஹாரா என்ற இரு ஆய்வாளர்கள் அதன் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார்கள். அதற்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். அந்த ஊர்க் காற்றில் மட்டும் வாழ்வது என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவியது. ஆனால் அதே பாக்டீரியா பிறகு ஐரோப்பாவின் புளிமாவுகளிலும் சர்வசாதாரணமாகக் கிடைத்தது. 2021-இல் நான்கு கண்டங்களிலிருந்து 500 புளிமாவுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். எந்த ஊர் என்பதற்கும் உள்ளே என்ன வாழ்கிறது என்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை.

அதற்கு முந்தைய வருடம் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிடப் பிடித்தது. இரண்டு கண்டங்களின் ரொட்டிக்காரர்களுக்கு ஒரே மாவையும் ஒரே செய்முறையையும் கொடுத்தார்கள். அப்படியும் புளிமாவுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. அவர்களுடைய கைகளைத் துடைத்துச் சோதித்தபோது, புளிமாவில் வாழும் பாக்டீரியாக்கள் கைகளிலும் ஏராளமாக இருந்தன. மாவு கையை மாற்றுகிறது, கையும் மாவில் கலக்கிறது. உப்புப் போட்டு இட்லி மாவைக் கரைக்க வீட்டில் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள், ‘அவ கைபட்டாதான் பொங்கும்’ என்பார்கள். அதைக் கேலி செய்தவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நமக்குத் தொல்லை ஸ்டார்ட்டர் அல்ல, சூடுதான். வெளிநாட்டுச் செய்முறைகள் 24 டிகிரி சமையலறையை மனதில் வைத்து எழுதியவை. காட்டு ஈஸ்ட்டுக்கு 27, 28 டிகிரி சுகம். புளிப்புப் பாக்டீரியாவுக்கு 32-ம் சுகம். சித்திரையில் நம் அடுப்பங்கரை 35-ஐத் தாண்டினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும், ஈஸ்ட் பின்தங்கும், ரொட்டி புளித்துத் தட்டையாக வரும். ஆகவே மாவில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டார்ட்டர் என்று எழுதியிருந்தால் பத்தில் ஒரு பங்கே போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள். உப்பை நூறு கிராம் மாவுக்கு இரண்டு கிராமிலிருந்து குறைக்காதீர்கள், அது வேகத்தைக் கட்டுப்படுத்தும். பாதி எழுந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஸ்டார்ட்டருக்கு மில்லில் அரைத்த முழுக்கோதுமை மாவே சிறந்தது. தவிட்டோடு நுண்ணுயிரும் வரும். சம்பா கோதுமையும் ஸ்டார்ட்டருக்கு ஆகும். ஆனால் ரொட்டியை அதை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். அதன் குளூட்டனுக்கு வலு குறைவு.

அடுக்கு கேக் நிச்சயம் அடுத்த வாரம். கோவாவின் பெபின்காவிலிருந்து தொடங்கப் போகிறேன். ஓர் அடுக்கு வெந்தபின் அதன் மேல் அடுத்த அடுக்கை ஊற்றி, மூடியின் மேல் கங்கு போட்டு வேகவைப்பது அது. கீழே தீ, மேலே தீ. நம் கடற்கரை வீடுகளில் தம்ரூட் என்ற இனிப்பு வேகும் முறையும் இதுதான், ஆகவே ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கனமான அடிப்பாத்திரமும், கங்கு தாங்கும் தட்டையான இரும்பு மூடியும் எடுத்து வையுங்கள். கங்குக்குக் கொட்டாங்குச்சியை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்; ஏழு அடுக்குக்கு நிறைய வேண்டும்.

(தொடரும்)