இருளில் காலம் அறியும் வாவல்

கல்வராயன் மலைச்சாரலில் கதிரவன் மறைந்ததும் வௌவால்கள் வெளிப்போந்து பறப்பதைக் காண்கின்றோம். சங்கப் புலவர்கள் ‘வாவல்’ எனப் பாடியது இவ்வுயிரையே. ஒளி புகாத குகையின் ஆழத்தில் உறங்கும் வௌவால், அந்தி வந்ததை எவ்வாறு அறிகின்றது?

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து முதலானோர் இவ்வினாவை ஆராய்ந்து, 1981-ஆம் ஆண்டில் ஒரு விடையை வெளியிட்டனர். பூச்சி உண்ணும் குகை வௌவால் ஒன்றைக் கூண்டிலிட்டு, அதன் இனம் வாழும் இருட்குகையினுள் வைத்தனர். வெளியொளியைக் காணாதிருந்தும், கூட்டம் வெளியேறும் நேரத்தை ஒட்டியே அதுவும் நாள்தோறும் விழித்தெழுந்தது. வௌவால்களே இல்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டதோ, தன் உள்ளுறை கடிகாரத்தின்படி மட்டுமே இயங்கியது. அக்கடிகாரம் சரியாக 24 மணி நேரம் கொண்டதன்று. ஆதலின் அதன் விழிப்பு வேளை நாளடைவில் அந்தியினின்று விலகிச் சென்றது.

கூட்டத்திலுள்ள வௌவால்கள் மாலையில் குகைவாயிலை நெருங்கி ஒளியின் அளவை நோக்கித் திரும்புகின்றன. அவற்றின் அசைவும் ஒலியும் இருளில் இருப்பவற்றிற்குக் காலத்தை உணர்த்துகின்றன. உறவே அங்கு கடிகாரம்!

தீக்குறி என்றெண்ணி வௌவால்களைப் புகையிட்டு விரட்டுவோர் இன்றும் உளர். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை உண்டு உழவர்க்கு உதவும் இனத்தை விரட்டுவது நமக்கே கேடாகும். சிதறுவது ஒரு கூட்டம் மட்டுமன்று, அது பேணிவந்த கால ஒழுங்கும் சிதறும். படைப்பைச் சிந்திக்க அழைக்கின்றது இறைமறை. கள்ளக்குறிச்சி மாணவர்க்கு அச்சிந்தனை மலைக்குகை வாயிலிலேயே தொடங்கலாம்.