பிரம்பும் புகாரும்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்றொரு சிக்ஷை இருந்தது. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு பையன் அந்தரத்தில் தவிக்க, கீழே நின்ற உபாத்தியாயர் அவன் கால்களைப் பிரம்பால் விளாசுவார். அது வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் முட்டி போட வைப்பதும், ஸ்கேலின் விளிம்பால் விரல் கணுக்களில் அடிப்பதும், உச்சி வெயிலில் நிறுத்துவதும் இன்னும் ஓயவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பன்மாரும் இருக்கவே இருக்கிறார்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் விசாரித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேர் அங்கே அடிபட்டதாகக் கூறியிருந்தார்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் வாளாவிருந்துவிடவில்லை. தமிழ்நாடு 2003-இலேயே கல்வி விதிகளில் 51-ஆவதைத் திருத்திப் பிரம்புக்கு இடமில்லாமல் செய்தது. 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடலை வருத்துவதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் ஒருங்கே தடை செய்தது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. மீறியவர்மீது அது விதிப்பதும் பணி விதிகளின்படியான ஒழுங்கு நடவடிக்கை மாத்திரமே. பணி விதி என்று ஒன்று செவ்வையாக எழுதப்படாத சிறு தனியார் பள்ளியில் அந்த வாசகத்துக்கு என்ன பலம் இருக்க முடியும்?

18 வயது வரையுள்ள எல்லாரையும் காக்க முற்படுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தைகள் இல்லங்களில் தண்டனையென்று அடித்தவர் முதன்முறை குற்றவாளியென்று தீர்ப்பானால் 10,000 ரூபாய் அபராதம். மறுமுறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர் வேலையை இழக்கவும், அதன்பின் குழந்தைகளோடு நேரடியாகப் பணிபுரிய முடியாமற்போகவும் அதில் வழியுண்டு.

என் அபிப்பிராயத்தில், பள்ளியைக் காட்டிலும் அதிகக் கவலைக்குரியவை இந்த இல்லங்களே. பள்ளியில் அடிபட்ட பிள்ளை சாயங்காலம் வீடு திரும்புகிறது; குளிப்பாட்டுகிற தாயின் கண்ணில் முதுகின் தழும்பு தப்பாது. இல்லத்துக் குழந்தைக்கோ, சோறு போடுபவர், அடிப்பவர், முறையீட்டைக் கேட்க வேண்டியவர் எல்லாரும் பெரும்பாலும் ஒருவரே. இதை உத்தேசித்துத்தான், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் உட்பட மூவருக்குக் குறையாத ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு இல்லத்துக்கும் சென்று பார்க்க வேண்டுமென்று அதே சட்டம் கட்டளையிடுகிறது. அக்குழு வார்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "நல்லாயிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்புமானால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்; பிள்ளையைத் தனியே அழைத்து, அவசரமில்லாமல் பேச்சுக் கொடுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி மருத்துவர் பரிசோதிக்கிற இடத்திலேதான் உண்மை வெளிப்படும்.

அடிக்கிற ஆசிரியர்களில் பலர் கொடியவர் அல்லர்; நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் கூச்சலிடுகையில் கைக்கொள்ள வேறு உபாயம் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசாங்கம் அந்த உபாயத்தைப் பயிற்சியாகக் கொடுத்தே தீரவேண்டும்.

பிள்ளை அடிபடுவது தெரிந்தால், இரவு பகல் எந்நேரமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். பல இடங்களில் எண் சுவரிலும் தொலைபேசி வார்டனின் அறையிலும் இருப்பதால், அழைப்பது குழந்தையாகவே இருக்க வேண்டுமென்று காத்திராமல், சமையற்காரரோ, ஆயாவோ, அழுகுரல் கேட்ட அடுத்த வீட்டுக்காரரோ எவர் வேண்டுமானாலும் பேசலாம்.