தபாலில் வந்த சஞ்சிகை திரைக்கு மாறும்போது

தனியொரு ஆர்வத்தை நம்பி நடத்தப்படும் சஞ்சிகை, அது இலக்கியத்துக்கு உரியதாயினும் வீட்டுத்தோட்டத்துக்கோ தபால்தலைச் சேகரிப்புக்கோ உரியதாயினும், நாளிதழைப் போன்றதன்று. நாளிதழ் அன்றைய செய்திக்காக வாங்கப்பட்டு மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். ஆர்வச் சஞ்சிகையோ சேர்த்து வைக்கப்படுகிறது, கைமாறுகிறது, அடுத்த இதழ் வரும்வரை மீண்டும் மீண்டும் புரட்டப்படுகிறது. ஆகவே அத்தகைய சஞ்சிகை அச்சை விட்டு இணையத்துக்குச் செல்லும்போது வாசகருக்கு ஏற்படும் இடறல், கடதாசிக்குப் பதிலாகக் கண்ணாடித் திரை வந்தது என்பதோடு நின்றுவிடுவதில்லை. அச்சிதழைச் சுற்றி வளர்ந்திருந்த பழக்கங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் கலைந்துபோகின்றன.

கண்டியும் அதைச் சூழ்ந்த மலைப்பிரதேசமும் இந்த மாற்றத்தை ஆராய்வதற்குப் பொருத்தமான களம் எனலாம். ‘குன்றின் குரல்’ கண்டியிலிருந்து வெளிவந்தது, ‘கொழுந்து’ சஞ்சிகையை அந்தனி ஜீவா நடத்தினார், கல்ஹின்னையில் எஸ்.எம்.ஹனிபா தமிழ் மன்றத்தை நிறுவி, ஒரு சிற்றூரின் பெயரைத் தமிழ்ப் பதிப்புலகில் நிலைக்கச் செய்தார். இவ்வரிசையில் நீண்ட காலம் நிலைத்தது, தோட்ட வைத்தியராகப் பணியாற்றியவரும் ‘குருதிமலை’ நாவலின் ஆசிரியருமான தி.ஞானசேகரன் 2000 ஜூனில் கண்டியில் தொடங்கிய ‘ஞானம்’ மாத இதழாகும். பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்த அவ்விதழ், 2012 நவம்பரில் தனது 150ஆவது இதழை ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாகவும், 2014 டிசம்பரில் 175ஆவது இதழைப் புலம்பெயர் இலக்கியச் சிறப்பிதழாகவும் பெருந்தொகுப்புகளாக வெளியிட்டது. ஒரு தனிமனிதர் முயற்சியில் பிறந்த மாத இதழ், தொடங்கிய மாதத்திலிருந்து கணக்கிட்டால் ஒரு மாதமும் தவறாத எண்ணிக்கையோடு அந்த எல்லையைத் தொட்டது என்பது சாதாரணச் செய்தியன்று. அதே 2000ஆம் ஆண்டில்தான் கனடாவிலிருந்து வ.ந.கிரிதரனின் ‘பதிவுகள்’ இணைய இதழும் தொடங்கியது. ஆக, கண்டியில் ஒரு சஞ்சிகை அச்சேறிய ஆண்டிலேயே, ஈழத் தமிழர் ஒருவரின் சஞ்சிகை அச்சையே நாடாமல் வேறொரு நாட்டிலிருந்து பிறந்துவிட்டது.

இலங்கையில் அச்சிதழ்களின் நெருக்கடியை இருவேறு அதிர்ச்சிகள் விரைவுபடுத்தின. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது கடைகளும் தபாலும் முடங்கின. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றியதால் அச்சுத்தாளை இறக்குமதி செய்ய இயலாமற்போய், ‘தி ஐலன்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்களே தமது சனிக்கிழமைப் பதிப்புகளை நிறுத்த நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் சாதாரணக் கடிதத்தின் தபால் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. பெரிய நிறுவனங்களே தடுமாறிய இடத்தில், தபாற் சந்தாவை நம்பி நிற்கும் சிற்றிதழின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அச்சிதழுக்கு ஒரு வருகை உண்டு. கம்பளையிலோ தெல்தோட்டையிலோ இருக்கும் சந்தாதாரர் அதைத் தேடிப் போவதில்லை. மாதத்தின் ஏதோ ஒரு நாளில் அதுவே அவரைத் தேடி வருகிறது, வந்தபின் கண்ணில் படும் இடத்தில் கிடந்து தன்னை நினைவூட்டுகிறது. இணையத்தில் வெளியாகும் இதழுக்கு அந்த வருகை இல்லை. அது ஒரு முகவரியில் காத்திருக்கிறது, வாசகர்தான் நினைவு வைத்துச் செல்ல வேண்டும். மின்னிதழுக்கு மாறிய சஞ்சிகைகள் வாசகரை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே. எழுத்தின் தரம் குறைந்ததனாலோ முதியோருக்குத் தொழில்நுட்பம் தெரியாததனாலோ இழப்பு ஏற்படுகிறது என்று சொல்வது பிழையான கணிப்பாகும். எனவே நாள் தவறாமல், உதாரணமாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, இதழ் வெளியாகும் என அறிவித்து, அன்றைய தினமே வாட்ஸ்அப் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ வாசகரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைப்பது, ஆசிரியர் செய்யக்கூடிய உதவிகளுள் முதன்மையானது. வேண்டியபோதெல்லாம் ஒவ்வொரு கட்டுரையாக ஏற்றும் முறை ஆசிரியருக்கு வசதியானதாயினும், இதழ் என்ற முழுமையை அது அழித்துவிடுகிறது.

அடுத்தது வடிவம். அச்சுக்கெனத் தயாரித்த பக்கத்தை அப்படியே பிடிஎஃப் கோப்பாக, அதாவது பக்க அமைப்பு சற்றும் மாறாத மின்படியாக, வெளியிடுவதே எளிய வழியாகப் பலருக்குத் தோன்றுகிறது. ஏ4 பக்கத்தின் அகலம் 21 சென்ரிமீற்றர். கைத்தொலைபேசித் திரையின் அகலமோ சுமார் 7 சென்ரிமீற்றர். பக்கம் மூன்றிலொன்றாகச் சுருங்கும்போது 10 புள்ளி எழுத்து மூன்று புள்ளி எழுத்தாகிவிடுவதால், வாசகர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தைப் பெருப்பித்து இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்திலேயே சலிப்பு வந்துவிடும் இவ்வேலையை அறுபது பக்கங்களுக்குச் செய்யுமாறு எவரையும் கேட்பது நியாயமன்று. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமாக மடிந்து, எழுத்தின் பருமனை வாசகரே கூட்டிக் குறைக்கக்கூடிய வடிவமே தேவை.

இவ்வடிவத்துக்குச் செல்வதில் இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நீண்ட காலமாக இங்கு பக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் கோக்கப்பட்டன. அவற்றில் உரோமன் எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் வைக்கப்பட்டிருப்பதால், அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் கட்டுரை பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் உலகப் பொதுவான ஓர் எண்ணை வழங்கும் யுனிகோட் முறைக்கு மாற்றினால் எந்தக் கைத்தொலைபேசியிலும் அது வாசிக்கக் கிடைக்கும். சொல்லைத் தேடலாம், பார்வைக் குறைபாடுடையோர் குரல்வழி கேட்கவும் செய்யலாம். பக்கத்தைப் படமெடுத்து வெளியிட்ட இதழில் இவை எவையும் நேரடியாக இயலா.

செலவிலும் வேறுபாடு பெரிது. அறுபது பக்க இதழொன்றில் பக்கத்துக்கு 2,500 குறியீடுகள் எனக் கொண்டால், தமிழுக்குக் குறியீடொன்றுக்கு மூன்று பைட் வீதம், முழு இதழின் எழுத்தும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கும். அதே பக்கங்களைப் படங்களாக்கினால் பல மெகாபைட் ஆகும். சிறு தொகைக்கு ரீலோட் செய்து டேட்டாவை எண்ணியெண்ணிச் செலவிடும் தோட்டத்து வாசகருக்கு இது வாசிப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு. மலைச்சரிவுகள் கோபுரத்திலிருந்து வரும் அலைகளை மறைப்பதால், கண்டி நகரில் தடையின்றிக் கிடைக்கும் இணைப்பு சில மைல்களுக்கு அப்பால் லயத்து வாசலில் கிடைக்காமற்போவதும் உண்டு. ஆதலால் இணைப்பு இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, பின்னர் இணைப்பின்றியே வாசிக்கக்கூடியதாக இதழ் இருத்தல் வேண்டும். எவ்வாறு இறக்குவது, எங்கே சேமிப்பது, எவ்வாறு எழுத்தைப் பெரிதாக்குவது என்பவற்றை அச்சில் வரும் கடைசி மூன்று நான்கு இதழ்களிலேயே படங்களுடன் விளக்குவது நல்லது; மாறிய பின்னர் இணையத்தில் விளக்கினால், விளக்கம் தேவைப்படுவோருக்கு அது எட்டாது.

வாசகர் கடிதப் பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆர்வச் சஞ்சிகையொன்றின் உயிர் பெரும்பாலும் அப்பக்கங்களிலேயே ஓடுகிறது. விருப்பக் குறியை அழுத்துவது கடிதத்துக்கு ஈடாகாது. தபாலில் எழுதிப் பழகியவர் தொடர்ந்து தபாலில் எழுதலாம், குரற்பதிவாக அனுப்புபவர் அவ்வாறே அனுப்பலாம், ஆசிரியர் குழு அவற்றைத் தட்டச்சிட்டு அடுத்த இதழில் சேர்க்கும் என்ற ஏற்பாடு இருந்தால், தட்டச்சு அறியாத மூத்த வாசகர் தாம் வெளியேற்றப்பட்டதாக உணரமாட்டார்.

அச்சை முற்றாகக் கைவிடுவதுதான் முடிவு என்றும் கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ 2012 டிசம்பர் 31 திகதியிட்ட இதழோடு அச்சை நிறுத்தி, 2014 மார்ச்சில் விலையைக் கூட்டிக் குறைந்த பிரதிகளுடன் அச்சுக்குத் திரும்பியது. மாதந்தோறும் திரையிலும், ஆண்டுக்கொரு முறை தேர்ந்த படைப்புகளின் தொகுப்பாக அச்சிலும் வருவது நமது சிற்றிதழ்களுக்கு ஏற்ற நடுவழியாகத் தோன்றுகிறது.

மின்னிதழ் அச்சிதழை விட எளிதில் அழியக்கூடியது என்பதையும் கருத வேண்டும். ஆண்டுக் கட்டணம் செலுத்தத் தவறினாலே இணைய முகவரி பறிபோய், பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் மறையலாம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ‘மல்லிகை’, ‘ஞானம்’ உட்பட ஈழத்துச் சஞ்சிகைகளை எவரும் கட்டணமின்றி வாசிக்குமாறு காத்துவருகிறது; பழைய அச்சுப் பிரதிகளைச் சிலர் வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்தமையாலேயே அத்தகைய சேகரம் சாத்தியமாயிற்று. திரையில் மட்டும் பிறக்கும் இதழுக்கு அவ்வாறு அலுமாரியில் எஞ்சும் பிரதி இராது. ஆதலால் ஒவ்வொரு மின்னிதழும் வெளியாகும் மாதத்திலேயே அதன் படியொன்று நூலகத்துக்கு அனுப்பப்படுவதையும், ஆண்டிறுதியில் அச்சிட்டுக் கட்டிய தொகுதியொன்று கண்டி டீ.எஸ்.சேனாநாயக்க பொது நூலகம் போன்றதோர் இடத்தில் ஒப்படைக்கப்படுவதையும், சந்தா செலுத்தும் வாசகர்களே ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம்.