நூறு மணிகளை வரிசை மாறாமல் கோர்ப்பது எப்படி?

பிளாஸ்டிக் வாளியும் நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினும் ஒரு வகையில் உறவுக்காரர்கள். இரண்டுமே பாலிமர், அதாவது சின்ன மூலக்கூறுகளை மணிமாலை மாதிரி கோர்த்த நீளமான சங்கிலிகள்.

வித்தியாசம் எங்கே? வாளியில் எல்லாமே ஒரே மணி. சங்கிலி கொஞ்சம் நீண்டாலும் குறைந்தாலும் வாளி வாளிதான். புரதத்தில் 20 வகை மணிகள் (அமினோ அமிலங்கள்). அங்கே வரிசைதான் எல்லாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் மொத்தம் 146 மணிகள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்தால் போச்சு! அரிவாள் செல் ரத்தசோகைக்கு அந்த ஒரு மணிதான் காரணம். நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறி மொத்தமும் படுத்துவிடுவது மாதிரி.

சரி, இப்படிப்பட்ட சங்கிலியை நாமே செய்ய முடியுமா? எல்லாவற்றையும் ஒரே குடுவையில் போட்டால் மணிகள் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மணியின் ஒரு முனைக்கும் ஒரு ‘மூடி’ போடுகிறார்கள். மணி ஒட்டியதும் மூடியைக் கழற்றி, அடுத்த மணியை ஒட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒட்டாமல் மிஞ்சிய ரசாயனங்களைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி.

நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். முதல் மணியைக் குட்டி பாலிஸ்டைரீன் உருண்டையில் கட்டிவிடு. பிறகு அரிசி களைவது போலக் கழுவினால் மிச்சம் மீதி ஓடிவிடும், சங்கிலி உருண்டையோடு தங்கிவிடும். முதலில் அவர் செய்தது நான்கே மணிகள். 1969-இல் பெர்ண்ட் குட்டேவுடன் சேர்ந்து 124 மணிகள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்சைமையே செய்தார். அதற்கு 369 வேதிவினைகள், இயந்திரத்தில் 11,931 படிகள்! 1984-இல் நோபல் பரிசும் வந்தது.

அப்போ ஆயிரம் மணிகள் கோர்த்துவிடலாமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒவ்வொரு படியிலும் 99% ஒட்டினால் நல்ல மதிப்பெண் மாதிரித்தான் தெரியும். ஆனால் 100 படிகளுக்கு 0.99-ஐ நூறு தடவை பெருக்கிப் பாருங்கள். சரியான சங்கிலி சுமார் 37%தான். 95% என்றால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. 99.9% என்றால் 90%. மீதி எல்லாம் வெறும் கழிவு இல்லை, ஒரு மணியோ சில மணிகளோ விடுபட்ட இரட்டைப் பிறவிகள். அசலிலிருந்து அவற்றைப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

நம் செல்லுக்குள் இருக்கும் ரிபோசோம் சுமார் பத்தாயிரம் மணிகளுக்கு ஒன்றைத்தான் தப்பாகக் கோர்க்கிறது. அதுவும் பாக்டீரியாவில் நொடிக்குப் பத்துப் பதினைந்து மணி வேகத்தில். நாம் துரத்திக்கொண்டிருப்பது அந்த இயந்திரத்தைத்தான்.